வீட்டைச் சுத்தி மழைத்தண்ணி தேங்குதா? மண்ணுக்குள்ள பைப் போட்டு வெளியேத்தறது எப்படி

எங்க வீடு மடிப்பாக்கத்துல. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்துலதான்னு சொன்னாலே மீதிக் கதை உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். ஐப்பசி பொறந்தா பின்பக்கம் கணுக்கால் அளவு தண்ணி, நாலு நாளானாலும் வத்தாது, துணி காயப்போட செங்கல் மேல செங்கல் வெச்சு நடக்கணும், சுவர்ல ஒரு அடி உயரத்துக்கு ஓதம் ஏறி பெயிண்ட் உப்பிக்கிட்டு உதிரும். ரோடு மேல ரோடு போட்டு எங்க வாசல் இப்போ ரோட்டை விட 9 இன்ச் கீழ கிடக்கு, அதனால தண்ணி தானா வெளிய போக வழியே இல்லை. பள்ளம் தோண்டி, ஓட்டை போட்ட பைப்பை ஜல்லிக்குள்ள புதைச்சு தண்ணியை வடிக்கறதுதான் நான் பண்ணினது, ரெண்டு தடவை பண்ணித்தான் எனக்கு இந்த வேலை ஒழுங்கா வந்துச்சு. முதல் தடவை பண்ணின தப்பையும் சேர்த்தே எழுதறேன், நீங்க ஒரே தடவைல முடிச்சிடுங்க.

கடப்பாரையைத் தொடறதுக்கு முன்னாடி

தண்ணி எங்க தேங்குதுங்கறது எல்லாருக்கும் தெரியும், அது எங்க போய்ச் சேரப் போகுதுங்கறதை முடிவு பண்ணாம பள்ளம் தோண்டக் கூடாது. பலபேர் சொல்ற வழி, ஒரு குழி தோண்டி ஜல்லியைக் கொட்டிட்டா பூமி குடிச்சிடும்ங்கறது. நானும் அப்படித்தான் முதல்ல பண்ணினேன். 3 அடி விட்டம், 5 அடி ஆழம்னா காலிக்குழி சுமார் 1000 லிட்டர் பிடிக்கும், ஆனா ஜல்லியை நிரப்பிட்டா இடுக்குல நிக்கறது 400 லிட்டர்தான். 10 சென்டிமீட்டர் மழை பெஞ்சா 900 சதுர அடி மொட்டை மாடில மட்டும் 8000 லிட்டருக்கு மேல விழும். என் குழி எத்தனை நிமிஷத்துல நிரம்பியிருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

உங்க மண்ணு குடிக்குமான்னு ஒரு டெஸ்ட் பண்ணுங்க. ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி தண்ணி ஊத்துங்க, அது வத்தினதும் மறுபடி நிரப்பி ஒரு ஸ்கேலை நட்டு வெச்சு ஒரு மணி நேரத்துல எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. ஒரு இன்ச்சுக்கு மேல இறங்கினா உறிஞ்சு குழி போதும், அரை இன்ச் கூட இறங்கலைன்னா அது களிமண், அங்க குழி வெச்சுப் பிரயோஜனமில்லை. இன்னொண்ணு, இந்த டெஸ்டை சித்திரை வெயில்ல பண்ணிட்டு ஏமாறாதீங்க, கார்த்திகைல பக்கத்துக் கிணத்துல தண்ணி எவ்வளவு மேல நிக்குதுன்னு கேட்டுக்கங்க, 3 அடிலயே நிக்குதுன்னா மழைக்காலத்துல உங்க குழி ஏற்கனவே ஃபுல்.

மாடித்தண்ணி பைப் நேரா தோட்டத்துல கொட்டுதான்னும் பாருங்க. நம்ம ஊர்ல 2003லயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிட்டாங்க, இருந்தும் நிறைய வீட்டுல பைப் அந்தரத்துலதான் தொங்குது. அதை ஃபில்டர் வழியா கிணத்துக்கோ சம்புக்கோ தனியா கொண்டு போயிட்டாலே பாதிப் பிரச்சனை முடிஞ்சிடும். அப்புறம் வீட்டுச் சுவரை ஒட்டி மண்ணைக் கொட்டி, வெளிப்பக்கமா 10 அடிக்கு 6 இன்ச் சரிவு வர்ற மாதிரி தட்டி விட்டுப் பாருங்க. சில வீட்டுக்கு இது ரெண்டே போதும், மேற்கொண்டு படிக்கவே வேணாம்.

என்ன வாங்கணும்

எங்க வீட்டுக் கணக்கு, பின்பக்கத்துல இருந்து பக்கவாட்டுச் சந்து வழியா முன் மூலை வரைக்கும் 40 அடி. அதுக்கு 10 அடி நீள 4 இன்ச் பிவிசி பைப் நாலு, கப்ளர், 45 டிகிரி பெண்ட் ரெண்டு, ஒரு மூடி, சால்வென்ட் சிமென்ட். முக்கால் இன்ச் ஜல்லி அரை யூனிட், அதாவது 50 கன அடி. கருங்கல் ஜல்லியாத்தான் இருக்கணும், செங்கல் ஜல்லி ஊறி ஊறி மாவாயிடும். அப்புறம் ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதாவது தண்ணியை விட்டுட்டு மண்ணைத் தடுக்கற துணி, 6 அடி அகலம் கிடைச்சா நல்லது. இந்தத் துணிக்குப் பதிலா சிமென்ட் சாக்கு, பச்சை ஷேட் நெட்னு ஏதாவது சொல்வாங்க, கேக்காதீங்க. நெட்டுல களிமண் சர்ருனு உள்ள போயிடும், சாக்கு அடைச்சிக்கும். கடையிலயே துணி மேல ஒரு டம்ளர் தண்ணி ஊத்திப் பாருங்க, உடனே கீழ ஒழுகணும்.

கோடு போடறது, தோண்டறது

வைகாசிக்கும் ஆவணிக்கும் நடுவுல வேலையை முடிச்சிடுங்க, வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்குல ஆரம்பிச்சிடும், அப்புறம் தோண்டத் தோண்ட சேறுதான். பைப் போற வழியைக் கோலமாவாலயே கோடு போட்டுக்கலாம். வீட்டுச் சுவர்ல இருந்து 3 அடியாவது தள்ளிப் போகணும், காம்பவுண்டு சுவரோட அஸ்திவாரத்தை விட ஆழமாப் போகவே கூடாது. இபி கேபிள், குடிதண்ணி பைப், செப்டிக் டேங்க் லைன் எங்க ஓடுதுன்னு வீடு கட்டின மேஸ்திரியைக் கேட்டு வெச்சிக்கங்க, தெரியலைன்னா அந்த இடத்துல கடப்பாரையை விட்டுட்டு மண்வெட்டியால மெதுவா சுரண்டித்தான் போகணும்.

பள்ளம் ஒரு அடி அகலம், ஆரம்பத்துல 18 இன்ச் ஆழம். முடியற இடத்துல 23 இன்ச் வரணும், ஏன்னா 100 அடிக்கு ஒரு அடி வாட்டம் வேணும், அதாவது 10 அடிக்கு 1.2 இன்ச்.

என் முதல் முயற்சி ஊத்திக்கிட்டதுக்குக் குழி ஒரு காரணம்னா, வாட்டம் இன்னொரு காரணம். ட்யூப் மட்டம் (தண்ணி நிரப்பின ட்யூப்ல மட்டம் பார்க்கறது) எடுத்துப் பாருங்கண்ணேன்னு சொன்னேன், வந்த கொத்தனார் சிரிச்சிக்கிட்டே "தம்பி, முப்பது வருஷமா இதைத்தான் பண்றேன், என் கண்ணுதான் மட்டம்"னாரு. வயசுல பெரியவர், நானும் விட்டுட்டேன். மழை வந்தப்போ பார்த்தா நடுவுல ஒரு 8 அடிக்குப் பைப்பு தொந்தி மாதிரி இறங்கி, அதுல தண்ணி நின்னு, மண்ணு படிஞ்சு, ஆறே மாசத்துல அடைப்பு. அதனால தயவுசெஞ்சு கண்ணை நம்பாதீங்க. ட்யூப்ல காத்துக் குமிழி ஒண்ணு கூட இல்லாம தண்ணி நிரப்பி, 10 அடிக்கு ஒரு குச்சி நட்டு, எல்லாக் குச்சிலயும் ஒரே மட்டத்துக்கு மார்க் பண்ணி நூல் கட்டுங்க. அப்புறம் நூல்ல இருந்து பள்ளத்தோட அடி வரைக்கும் டேப் வெச்சா ஒவ்வொரு குச்சிக்கும் 1.2 இன்ச் கூடிக்கிட்டே போகணும். எங்கயாவது கூடுதலாத் தோண்டிட்டீங்கன்னா மண்ணைப் போட்டு மூடாதீங்க, அது அமுங்கும், ஜல்லித்தூள் போட்டு இடிச்சு விடுங்க.

பைப்ல ஓட்டை, எந்தப் பக்கம்?

8 எம்எம் பிட்டால 4 இன்ச்சுக்கு ஒரு ஓட்டை, ரெண்டு வரிசை. பைப்பைக் குறுக்கா வெட்டின வட்டத்தைக் கடிகார முகமா நெனச்சுக்கங்க, 4 மணியும் 8 மணியும் இருக்கற இடத்துல ஓட்டை வரணும். தண்ணி மேல இருந்துதானே வருது, ஓட்டை மேல இருக்க வேணாமான்னு என் மச்சான் சண்டையே போட்டான். மேல இருந்து வர்ற தண்ணி ஜல்லி வழியா நேரா பள்ளத்தோட அடிக்குப் போயிடும், அங்க இருந்துதான் அது கொஞ்சம் கொஞ்சமா மட்டம் ஏறி பைப்புக்குள்ள நுழையும், அப்போ ஓட்டை கீழ இருந்தாத்தான் சீக்கிரமே வடிய ஆரம்பிக்கும். மேல வெச்சா தண்ணியோட மண்ணும் சேர்ந்து இறங்கும். ட்ரில் பண்ணினதும் உள்ள தொங்கற பிசிறைத் தட்டி எடுத்துடுங்க.

(இந்த மாதிரி வடிகாலை ஃப்ரெஞ்ச் ட்ரெயின்னு (French drain) சொல்வாங்க. ஃப்ரான்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஹென்றி ஃப்ரெஞ்ச்ங்கற அமெரிக்கக்காரர் வயல்ல தண்ணி வடிக்கறதைப் பத்தி 1859ல எழுதி பிரபலமாக்கினாரு, அவர் பேர் ஒட்டிக்கிச்சு.)

உள்ள அடுக்கறது

முதல்ல துணியை விரிச்சு ரெண்டு பக்கமும் வெளிய மடிச்சுப் போடுங்க. ஜல்லியைக் கழுவித்தான் போடணும், பாண்டு சட்டில அள்ளி ஹோஸ் பிடிச்சா வெள்ளையா பால் மாதிரி தூள் ஓடும், அது உள்ள போனா அப்படியே கெட்டிப் பட்டுடும். அடில 2 இன்ச் ஜல்லி, மேல பைப், வாட்டத்தை மறுபடி ஒரு தடவை செக், அப்புறம் சுத்தியும் மேலயும் ஜல்லி, தரைக்கு 4 இன்ச் கீழ வரைக்கும். துணியைப் பாய் சுருட்டற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா மடிச்சு மூடி அது மேல மணல். தோண்டின களிமண்ணையே திரும்பக் கொட்டினா தண்ணி உள்ள இறங்கவே இறங்காது. நான் மணலுக்குப் பதிலா கூழாங்கல் போட்டிருக்கேன், செருப்பு சேறாகறதில்லை.

தொடங்கற முனையில ரெண்டு 45 பெண்ட் போட்டு பைப்பைத் தரைக்கு மேல கொண்டு வந்து மூடி வைங்க. பின்னாடி அடைப்பு வந்தா ஹோஸ் விட அதுதான் வழி.

கடைசி முனை

உங்க ரோடு தாழ்வா இருந்தா கொடுத்து வெச்சவங்க, வாட்டமாவே மழைநீர் வடிகாலுக்கு விட்டுடலாம், வார்டு ஆபீஸ்ல கேட்டுட்டு செய்யுங்க. பாதாள சாக்கடைல மட்டும் இணைக்காதீங்க. அது தப்பு, அதுக்கும் மேல, பெருமழைல அந்தத் தண்ணி உங்க பாத்ரூம் வழியாவே திரும்பி வரும்.

எங்களை மாதிரி வீட்டை விட ரோடு உயரமா இருக்கறவங்களுக்கு மூலையில ஒரு தொட்டி, அதுல பம்ப். 3 அடி விட்டத்துல 5 உறை இறக்கினோம். அடியைத் திறந்து விட்டா நிலத்தடித் தண்ணி ஊறி ஊறி பம்ப் நிக்காம ஓடும், அதனால அடியில 6 இன்ச் கான்கிரீட், உறை இணைப்பெல்லாம் பூச்சு. அந்தக் கான்கிரீட்டை உறையை விட அரை அடி வெளிய தள்ளிப் போடுங்க, சுத்தி இருக்கற மண்ணு அது மேல உக்காந்து அமுக்கும். இல்லைன்னா காலியான தொட்டி மழைக்காலத்துல மேல மிதந்து வரப் பார்க்கும். குழிக்குள்ள இறங்கற ஆளு தனியா இருக்கக் கூடாது, ஈரக் களிமண் சொல்லாம சரியும்.

அரை எச்பி சப்மெர்சிபிள் பம்ப், தண்ணி ஏறினா தானா பம்பைப் போடற ஃப்ளோட் சுவிட்ச், வெளிய போற பைப்ல தண்ணி திரும்பி வராம தடுக்கற நான்-ரிட்டர்ன் வால்வு. கரண்ட் லைனுக்கு ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கற சுவிட்ச்) கட்டாயம், தண்ணிக்குள்ள மின்சாரம்ங்கறதால இதை எலக்ட்ரீஷியன்கிட்டயே விட்டுடுங்க. பெருமழைன்னா இபிகாரங்க பாதுகாப்புக்காக லைனையே ஆஃப் பண்ணிடுவாங்க, அன்னிக்குத்தான் பம்ப் வேணும், அதனால இன்வெர்ட்டர் தாங்குமான்னு வாங்கும்போதே கேட்டுக்கங்க. மூடில இடுக்கு இருந்தா கொசுவலை ஒட்டுங்க.

ஒண்ணை மறைக்காம சொல்லிடறேன், இதெல்லாம் உங்க மனைக்குள்ள விழற மழைக்குத்தான். 2015 டிசம்பர்லயும் 2023ல மிக்ஜாம் புயலப்பவும் வந்த மாதிரி ரோட்டுத் தண்ணி கேட்டைத் தாண்டி உள்ள வந்தா, பம்ப் அதே தண்ணியைத்தான் சுத்திச் சுத்தி இறைச்சிக்கிட்டிருக்கும். சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு சாமானை மேல ஏத்துங்க.

மத்தபடி வருஷா வருஷம் புரட்டாசில ஒரு நாள் ஒதுக்குங்க. தொட்டில சேந்த வண்டலை அள்ளிட்டு, பின்பக்க மூடியைத் திறந்து பத்து பக்கெட் தண்ணி ஊத்துங்க, ஒருத்தர் முன்னாடி தொட்டிகிட்ட டார்ச்சோட நிக்கணும். எங்க வீட்டுல ஊத்தறது நான், நிக்கறது அம்மா. "வந்துடுச்சுடா"ன்னு குரல் வரும், அது வர லேட்டாச்சுன்னா ஹோஸை எடுக்கணும்னு அர்த்தம்.