கவானாவில் முதல் ஆட்டம்: மணல் பள்ளத்துக்குப் பயப்படாமல் ஆடுவது எப்படி?

ஜப்பானில் கவானா கோல்ஃப் மைதானத்தில் ஆடப் போகிறேன் என்று சொன்னதும், கோல்ஃப் ஆடும் ஜப்பானிய நண்பர் கேட்ட முதல் கேள்வி: "பங்கரிலிருந்து பந்தை வெளியே எடுக்கத் தெரியுமா?" பங்கர் என்றால் மணல் பள்ளம். தெரியும் என்றேன். அது எவ்வளவு பெரிய பொய் என்பது அங்கே போனதும் தெரிந்தது. ஒரு முழு ஆட்டத்தை இன்னும் நூறு அடிக்குள் முடிக்க வராதவர்கள் அங்கே போவதாக இருந்தால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இடம். தோக்கியோவுக்குத் தென்மேற்கே இசு தீபகற்பத்தில், இத்தோ நகரத்தின் கடலோர மேட்டில் இருக்கிறது கவானா. அங்கே இரண்டு கோர்ஸ்கள், அதாவது ஆடும் மைதானங்கள். 1928-இல் வந்த ஓஷிமா கோர்ஸ் சற்றே இளகிய மனசுக்காரன். 1936-இல் திறந்த ஃபூஜி கோர்ஸ் அப்படியில்லை. அதை வடிவமைத்தவர் சார்லஸ் ஹியூ ஆலிசன் என்ற ஆங்கிலேயர். 1930 கடைசியில் ஜப்பான் வந்து சில மாதங்களே தங்கினார். ஆனால் ஆழமான மணல் பள்ளங்களை ஜப்பானியர்கள் இன்றும் 'ஆலிசன் பங்கர்' என்றுதான் சொல்கிறார்கள். எவ்வளவு அடி வாங்கியிருந்தால் அவர் பெயரையே வைத்திருப்பார்கள்!

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஜூனிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம், அதற்குப் பின்னாலேயே புயல்காலம். ஃபூஜி மலையைப் பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலக் காலை நேரம்தான் சரி. புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருக்கும், பரவாயில்லை. ஹோட்டலில் தங்குபவர்களுக்குத்தான் ஃபூஜி கோர்ஸ் என்பது பழைய வழக்கம். அதனால் அறையையும் டீ நேரத்தையும் (ஆட்டம் தொடங்கும் நேரம்) சேர்த்தே கேளுங்கள். வார நாள் என்றால் செலவு குறையும்.

படி 2: வேறொரு கிராமத்துக் கோர்ஸில் பழகுங்கள்

நேரே கவானாவுக்குப் போகாதீர்கள். தோக்கியோவுக்குக் கிழக்கே சிபா பக்கம் ஏதாவது ஒரு சாதாரண மலைக் கோர்ஸில் ஒரு நாள் ஆடுங்கள். ஜப்பானிய கோல்ஃபின் நடைமுறை அங்கே பிடிபட்டுவிடும். காலர் வைத்த சட்டை, கிளப்ஹவுஸுக்குள் நுழையக் கோட்டு. பதினெட்டு ஹோலில் (குழிகளில்) ஒன்பது முடிந்ததும் ஆட்டத்தை நிறுத்தி முழுச் சாப்பாடு. முதல் தடவை எனக்கு இது விநோதமாக இருந்தது. காட்சு கறியைச் சாப்பிட்டுவிட்டு பத்தாவது டீயில், அதாவது அந்த ஹோலின் முதல் அடி அடிக்கும் இடத்தில், நின்றால் உடம்பு சுழலுமா?

பல இடங்களில் மஞ்சள் குறி வைத்த ஒரு டீ முன்னால் தள்ளி இருக்கும். முதல் அடி எல்லைக்கு வெளியே போய்விட்டால், திரும்ப அடிக்காமல் அங்கே போய் நான்காவது அடியாக ஆடலாம். பின்னால் வருபவர்கள் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக வந்த ஏற்பாடு. பில்லில் கோல்ஃப் வரி என்று தனியாக ஒன்று இருக்கும், அதிகபட்சம் நாளுக்கு 1,200 யென்.

படி 3: பையை முன்னால் அனுப்பிவிடுங்கள்

கோல்ஃப் பையை ரயிலில் யாரும் தூக்கிக்கொண்டு திரிவதில்லை. இரண்டு மூன்று நாள் முன்பே கூரியரில் கொடுத்தால் கோர்ஸுக்கே போய்ச் சேரும். நீங்கள் கைவீசிக்கொண்டு போகலாம். அதாமி வரை ஷின்கான்சென் புல்லட் ரயில், அங்கிருந்து இத்தோ, அப்புறம் இசுக்கியூ ரயிலில் கவானா நிலையம்.

படி 4: முதல் டீயில் அடக்கி வாசியுங்கள்

ஃபூஜி கோர்ஸின் முதல் ஹோல் கடலை நோக்கி இறங்குகிறது. அந்தக் காட்சியைப் பார்த்ததும் கை தானாக அதிகத் தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரைத் தேடும். வேண்டாம், அதைவிடக் குறைந்த தூரம் போகும் ஹைபிரிட் மட்டை போதும். இந்தக் கோர்ஸ் சுமார் 6,700 யார்டு, பார் (நல்ல ஆட்டக்காரருக்கு வேண்டிய அடிகள்) 72. இன்றைய கணக்கில் நீளமே இல்லை. ஆனாலும் 1981 முதல் 2004 வரை ஜப்பானின் முன்னணி ஆண்கள் போட்டியான ஃபூஜிசான்கெய் கிளாசிக் இங்கேதான் நடந்தது. காற்றும் சரிவும் பள்ளமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பதினைந்தாவது ஹோலில் இடது பக்கம் பாறைச்சரிவு, அதற்குக் கீழே கடல். அங்கே வலது பக்கம் மட்டும் பாருங்கள். படம் எடுப்பதென்றால் அடித்த பிறகு எடுங்கள்.

படி 5: பங்கர்

இப்போது விஷயத்துக்கு வருவோம். குழி இருக்கும் வெட்டிய புல்தரையான கிரீனை ஒட்டிய பள்ளங்கள் சில ஆள் உயரம். உள்ளே இறங்கினால் கொடிக்கம்பத்தின் நுனிகூடத் தெரியாது. நான் விழுந்த பள்ளத்தில் எதிரே தெரிந்தது புல் முளைத்த ஒரு சுவரும் மேலே கொஞ்சம் வானமும்தான். மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் பந்து சுவரில் முட்டி என் காலடிக்கே வந்து நின்றது.

அடிக்கும் முறை இதுதான். பாதங்களை மணலில் நன்றாகப் புதையுங்கள். மணலுக்கான மட்டையான சாண்ட் வெட்ஜின் முகத்தை முதலில் வானத்தைப் பார்க்கும்படி திறந்து வைத்து, அதற்குப் பிறகு பிடியுங்கள். பிடித்த பின் மணிக்கட்டைத் திருப்பினால் அடிக்கும்போது மூடிக்கொள்ளும். பந்துக்கு நான்கைந்து சென்டிமீட்டர் பின்னால் மணலை அடியுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். அடிப்பதற்கு முன் மட்டை மணலைத் தொடக் கூடாது, தொட்டால் இரண்டு அடி தண்டனை.

சுவர் மிக அருகில் இருந்தால்? பக்கவாட்டில் அடியுங்கள், இல்லையென்றால் பின்பக்கமாகவே அடியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொரு வழியும் உண்டு. 2019 விதிகளின்படி, பந்தை ஆட முடியாது என்று அறிவித்து இரண்டு அடி தண்டனையோடு பங்கருக்கு வெளியே, கொடிக்கும் பந்துக்கும் நேர்கோட்டில் பின்னால் போட்டுக்கொள்ளலாம். நான்காவது தடவை கேடி அம்மா (ஆட்டக்காரருக்கு உதவியாகக் கூடவே வருபவர்) மெதுவாகப் பின்பக்கம் கையைக் காட்டினார். அதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

வெளியே வரும்போது ரேக்கால் உங்கள் காலடித் தடங்களை அழித்துவிட்டு வாருங்கள்.

படி 6: கிரீனில் கேடி சொன்னபடி ஆடுங்கள்

கவானா கிரீன்களில் கொராய் புல். தண்டு தடித்த புல், அதனால் அது சாய்ந்திருக்கும் திசை பந்தை இழுக்கும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது புல் வெளிறிப் பளபளத்தால் அது உங்களை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் எதிர்த்து நிற்கிறது, கூடுதல் பலம் வேண்டும். முன்னதை ஜுன்மே என்பார்கள், பின்னதை சகமே. கேடி "கப் இக்கோ, ஹிதாரி" என்றால் குழியின் அகலம் ஒன்று இடதுபக்கம் குறி வை என்று அர்த்தம். எனக்கு வலது பக்கம் சரிவதாகவே படாத ஓர் இடத்தில் அவர் அப்படிச் சொன்னார். நான் நம்பாமல் நேராக அடித்தேன். பந்து கடைசி ஒரு மீட்டரில் வலதுபக்கம் நழுவிப் போனது. அவர் எதுவும் சொல்லவில்லை, கொடியை எடுத்து வைத்தார்.

ஒரு ஹோலில் பாரின் இரண்டு மடங்கு அடித்தாகிவிட்டதா? பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த ஹோலுக்கு நடங்கள். இங்கே மெதுவாக ஆடுபவர்மேல்தான் கோபம் வரும், மோசமாக ஆடுபவர்மேல் வராது.

படி 7: குளியல்

ஆட்டம் முடிந்ததும் ஷூவில் ஒட்டியிருக்கும் மண்ணையும் புல்லையும் வாசலில் இருக்கும் காற்றுக் குழாயால் ஊதிவிட்டு உள்ளே போங்கள். பொதுக் குளியல் தொட்டியில் இறங்குவதற்கு முன் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவிக்கொள்ள வேண்டும். துண்டு தண்ணீரில் படக் கூடாது. நான் தலையைத் தேய்க்கும்போது காதுக்குள்ளிருந்து மணல் வந்தது.