விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பு

சொந்தமாகக் கம்ப்யூட்டர் ஒன்று பூட்ட, கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இரண்டு சனிக்கிழமை ஏறி இறங்கிப் பாகங்களை வாங்கினேன். கம்ப்யூட்டரின் மூளையான சிபியுவுக்கு ரைசன் 5 5600, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், பாவித்த கிராபிக்ஸ் கார்ட் ஒன்று. வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லாம் பூட்டி முடிய இரவு பதினொரு மணி. சுவிட்சைப் போட்டால் விசிறிகள் சுற்றுகின்றன, திரையில் ஒன்றுமில்லை.

“அண்ணா, மதர்போர்ட் எரிஞ்சு போச்சோ?” தம்பி வேறு.

பாகங்கள் எல்லாம் பூட்டும் பலகையான மதர்போர்ட்டின் ஓரத்தில், ரேமில் கோளாறென்று காட்டும் ‘டிராம்’ என்ற சின்ன விளக்கு எரிவதை அப்போதுதான் கண்டேன். ரேமின் ஒரு பக்கக் கொக்கி மூடவேயில்லை. உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து அமத்தியிருக்கிறேன். கரண்டைக் கழற்றிவிட்டு, சிபியுவிலிருந்து எண்ண வரும் இரண்டாம், நான்காம் இடங்களில் ரேமை வைத்து, ‘டக்’ என்று கேட்கும்வரை இரண்டு பெருவிரலாலும் அமத்தினேன். விளக்கு அணைந்தது.

திரை இன்னும் கறுப்பு! எச்டிஎம்ஐ வயரை மதர்போர்டில் செருகியிருந்தேன். 5600இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டில்தான் செருக வேண்டும். மாற்றினேன், படம் வந்தது.

பிறகு மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் பார்த்தால், 3200 வேக ரேம் 2133இல் ஓடுகிறது. ரேமை அதற்குரிய வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியைப் போட்டதும் சரி.

நீங்கள் பூட்டுவதென்றால், கேஸுக்குள் வைக்குமுன் மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டிமேல் வைத்தே ஒருதரம் இயக்கிப் பாருங்கள். நான் கேஸை நாலு தரம் திறந்தேன். ஒரு ஸ்க்ரூ இன்னும் மேசைக்கடியில் எங்கோ கிடக்கிறது.