சைட்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரு பாராட்டு விழா: முதன்முறை நடத்துபவர்களுக்கான செய்முறை

நான் ஒழுங்கு செய்த முதல் விழா கடற்கரைப் பக்கத்து ஹோட்டல் மண்டபம் ஒன்றில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஏசி, மேடை, பூச்சாடி எல்லாம் இருந்தன. மேசன்மார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கூசக்கூச உள்ளே வந்தார்கள். பணிப்பாளர் கொழும்பின் காலி வீதி நெரிசலில் மாட்டி ஒன்றரை மணித்தியாலம் பிந்தினார். அதுவரை ஒருவருக்கும் ஒரு சோடா கூடக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை கையாள் பொடியன் ஒருவன் என் மேசைக்கு வந்து மெதுவாகக் கேட்டான்: "சேர், நேற்று வந்ததற்கு நாள் சம்பளம் போடுவீங்களா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு நான்கு விழாக்கள் நடத்திவிட்டேன். கொழும்பில் ஒரு கட்டடக் கம்பனியின் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்து, "ஊழியர் பாராட்டு நிகழ்வு ஒன்று செய்" என்று தலையில் கட்டப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் பாக்கியைத் தீருங்கள்

சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு புரியாணி போட்டால், சாப்பிட்டுவிட்டு ஏசுவார்கள். ஏசுவது நியாயமும்தான். மேலதிக நேரக் காசு, சப் கொன்ட்ராக்ட்காரருக்குப் போக வேண்டிய காசு, அது அவரிடமிருந்து ஆட்களின் கைக்குப் போனதா என்பது வரை பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதம், கம்பனி தன் பங்காக 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி 3 வீதம். இது சட்டம். "நாங்கள் ஒழுங்காகச் சேமலாப நிதி கட்டுகிறோம்" என்று மேடையில் ஒருவர் பெருமை பேசியதைக் கேட்டிருக்கிறேன். கரண்ட் பில் கட்டியதற்கு யாராவது மாலை போடுவார்களா?

ஹெல்மெட், பாதுகாப்புச் சப்பாத்து, கையுறை இவற்றையும் பரிசுப் பட்டியலில் எழுதாதீர்கள். வேலைக்கு வந்த முதல் நாளே கொடுத்திருக்க வேண்டியவை அவை.

2. பெயர்ப் பட்டியல்

பாதி வேலை இதில்தான். அலுவலகக் கணினியில் இருக்கும் பட்டியலை நம்ப வேண்டாம். எங்கள் வெள்ளவத்தை சைட்டில் அந்தப் பட்டியலில் 23 பேர். வாசலில் காவலாளி எழுதும் பதிவேட்டை வாங்கி ஒரு மாதத்தைப் புரட்டினால் 118 பேர். மிச்சப் பேரெல்லாம் சப் கொன்ட்ராக்ட் ஆட்கள்: கம்பி கட்டுபவர்கள், டைல்ஸ் பதிப்பவர்கள், பெயின்ட் பாஸ்மார், வயரிங் பொடியன்கள். கட்டடத்தை நிமிர்த்தியது அவர்கள்தான். "அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லையே" என்று கணக்குப் பிரிவில் ஒருவர் கட்டாயம் சொல்லுவார். விடாதீர்கள். 23 பேருக்கு மட்டும் விழா வைத்தால், மிச்சம் 95 பேருக்கும் அது அவமரியாதை விழா.

பதிவேட்டிலிருந்து ஒரு அட்டவணை போடுங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயர், எல்லோரும் கூப்பிடும் பெயர், வாசிக்கக்கூடிய மொழி, சாப்பாடு, ஊர். கூப்பிடும் பெயர் எதற்கு என்று கேட்பீர்கள். எங்களிடம் ஹட்டன் பக்கத்து மேசன் ஒருவர் இருந்தார். மட்டப்பலகை வைக்காமலே சுவரின் கோணலைச் சொல்லிவிடுவார் என்பதால் அவருக்கு 'லெவல் அண்ணன்' என்று பெயர். அவருடைய சான்றிதழில் அடையாள அட்டைப் பெயரை ஆங்கிலத்தில் அடித்திருந்தோம். கையில் வாங்கினார், நேராகப் பிடித்தார், கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், சுவரைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கினார். பிறகு என்னிடம் கேட்டார்: "சேர், இது யாருடையது?"

இப்போது தமிழ்க்காரருக்குத் தமிழிலும் சிங்களவருக்குச் சிங்களத்திலும் அடிக்கிறோம். பெரிய எழுத்தில் பெயர், அதன் கீழ் சைட்டில் கூப்பிடும் பெயர். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் காட்டி, "எழுத்துச் சரியா?" என்று கேட்டுவிடுங்கள். ஒரு பின்னேரம் போதும்.

3. நாள் குறித்தல்

ஞாயிறு வேண்டாம். மட்டக்களப்பிலிருந்தோ பதுளையிலிருந்தோ வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவருக்கு அது துணி தோய்க்கிற, வீட்டுக்குக் கோல் எடுக்கிற ஒரே நாள். வேலை நாளில், வேலை நேரத்தில், முழுச் சம்பளத்தோடு வையுங்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு வேலையை நிறுத்தினால் நன்றாக இருக்கும். மேலிடத்தில் அனுமதி கேட்கும்போது இந்த அரை நாள் சம்பளத்தையும் செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதிக் காட்டுங்கள். கடைசியில் எழுதினால் வெட்டிவிடுவார்கள்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வைப்பது வழக்கம். ஆனால் ஏப்ரல் 14க்குப் பிறகு நாள் குறித்தால் கதிரைகள்தான் இருக்கும். ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வர நாள் எடுக்கும். புறக்கோட்டையில் பஸ் நெரிசல் தொடங்கும் முன்னரே, ஏப்ரல் முதல் வாரத்தில் முடித்துவிடுங்கள். நோன்பு மாதமா என்றும் பாருங்கள். முஸ்லிம் தொழிலாளர் நோன்பிருக்கும்போது பகல் சாப்பாடு வைக்கக் கூடாது. போயா நாளில் இறைச்சிக் கடை பூட்டு, பலர் விகாரைக்கும் போவார்கள். மே மாதக் கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவ மழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. இவ்வளவும் பார்த்த பிறகு சைட் எஞ்சினியரிடம் போய், அன்று கொங்கிரீட் போடுகிறார்களா என்று கேளுங்கள். ஒருமுறை நான் கேட்க மறந்தேன். முதல் நாள் இரவு முழுக்க பிளேட் (மாடியின் கொங்கிரீட் தளம்) போட்டுவிட்டு வந்தவர்கள் பாராட்டுரையின்போது கதிரையிலேயே நித்திரை.

4. இடம்

சைட்டிலேயே வையுங்கள். கீழ்த்தள வாகனத் தரிப்பிடம் முடிந்திருந்தால் அதைவிட நல்ல மண்டபம் கிடையாது. கூரை அவர்கள் போட்டது. ஆணி, கம்பித்துண்டு பொறுக்கி, லிஃப்ட் குழியையும் திறந்த ஓரங்களையும் அடைத்து, வாடகைக் கதிரை போட்டால் சரி. மேடை வேண்டாம், ஒரு மைக் போதும். குடும்பங்களையும் கூப்பிடுவதென்றால் மட்டும் வெளியே மண்டபம் எடுங்கள். பிள்ளைகளை வேலை நடக்கும் சைட்டுக்குள் விடக் கூடாது.

5. சாப்பாடு

ஹலால் கோழிப் புரியாணி, பக்கத்தில் மரக்கறிச் சோறு. மாட்டிறைச்சி வேண்டவே வேண்டாம். எண்ணிக்கைக்கு மேல் பத்துக்கு ஒன்று கூடுதலாகச் சொல்லுங்கள். கொங்கிரீட் லொறிக்காரர் யாராவது வந்து நிற்பார். மரக்கறிப் பார்சல்களில் அடையாளம் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திறந்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டி வரும். பரிமாறுவது அலுவலக ஆட்கள். அவர்கள் சாப்பிடுவது கடைசியில். சைட்டில் மதுபானம் இல்லை. மாலையில் சாரக்கட்டில் ஏறுபவர் யாராவது இருப்பார்.

6. நிகழ்ச்சி

பத்து மணிக்குப் பிளேன் டீயும் வடையும். பிறகு பேச்சு, ஒன்றே ஒன்று, மூன்று நிமிடம். தமிழும் சிங்களமும் தெரிந்தவர் பேசட்டும், அல்லது இரண்டு பேர் மாறிமாறிப் பேசட்டும். "உங்கள் அர்ப்பணிப்பு" என்று தொடங்கும் பேச்சை யாரும் கேட்பதில்லை. ஐந்தாம் மாடி பிளேட் போட்ட இரவு மழை கொட்டியபோது தார்ப்பாயின் மூலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் யார் யார் என்று பெயர் சொன்னால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். இதற்காகச் சுப்பவைசர்மாரிடம் ஒரு கிழமைக்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விளையாட்டு. கயிறிழுத்தல், முட்டி உடைத்தல் வழக்கமானவை, இருக்கட்டும். ஆனால் எங்கள் சைட்டில் பேர் போனது சுவர் கட்டும் போட்டிதான். அணிக்கு இருவர்: மேசன் ஒருவர், அவருக்குக் கையாளாக அலுவலகத்திலிருந்து ஒருவர். இருபது நிமிடம், நான்கு வரிசைக் கல். தூக்குக்குண்டு வைத்துப் பார்ப்பது இன்னொரு மேசன். போன முறை, புதிதாக வந்த எஞ்சினியர் தம்பி லெவல் அண்ணனுக்குக் கையாள். நெற்றி வேர்க்க வேர்க்கச் சாந்து குழைத்துக் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் கரண்டியால் ஒரு முறை அள்ளிப் பார்த்தார், அது வழிந்து தாச்சிக்குள்ளேயே போனது. "சேர், இது ரசம். சோறு எங்கே?" சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அந்த அணி கடைசியாக வந்தது. ஆனால் அந்தத் தம்பி அதற்குப் பிறகு கலவை விகிதத்தைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் பணிவாகப் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

7. பரிசு

கம்பனிப் பெயர் போட்ட டிஷர்ட் கொடுத்தால் அது விளம்பரம். நல்ல சாரம், நல்ல துவாய், ஊருக்குப் போகிற பை. ஜனவரியில் என்றால் பிள்ளைகளுக்குக் கொப்பிகள். சுப்பர்மார்க்கெட் வவுச்சரை விடக் காசு மேல். ஊரில் அந்தக் கடை இருக்க வேண்டுமே. காசை என்வலப்பில் போட்டு, புத்தாண்டென்றால் வெற்றிலையோடு கைவிசேஷமாகக் கொடுங்கள். சிங்களவர்களுக்கும் 'கனு தெனு' என்று இதே வழக்கம் இருப்பதால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எல்லோருக்கும் ஒரே தொகை. மேசனுக்கு இவ்வளவு, கையாளுக்கு இவ்வளவு என்று பிரித்தால் அன்றைய பின்னேரப் பேச்சு முழுக்க அதுவாகத்தான் இருக்கும்.

கொஞ்சம் மெனக்கெட முடியுமென்றால் இன்னொன்று செய்யுங்கள். இருபது வருடம் கல் கட்டியவரிடம் அதைச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. நைட்டா (NAITA) என்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனம் மூலம், செய்த வேலையின் அனுபவத்தை மதிப்பிட்டு தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. வகுப்பில் போய் முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. விண்ணப்பம் நிரப்புவது, மதிப்பீட்டு நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுப்பது இரண்டையும் கம்பனி ஏற்றுக்கொள்ளட்டும். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு அந்தக் காகிதம் உதவும். "அப்படிக் கொடுத்தால் ஆட்கள் போய்விடுவார்களே" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். போகத்தான் செய்வார்கள், சிலர்.

படம் எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். கம்பனிப் பக்கத்தில் போடுவதற்கு முன், ஒவ்வொருவரையும் கட்டடத்துக்கு முன்னால் தனியாக நிறுத்தி நல்ல படம் ஒன்று எடுத்து அவரவர் வட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். அன்றிரவே அது ஊரில் இருக்கும்.

8. மறுநாள்

வராதவர்கள் பட்டியலை எடுத்து, அவர்களுடைய என்வலப்பையும் சான்றிதழையும் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். நாள் சம்பளம் சப் கொன்ட்ராக்ட் ஆட்களுக்கும் விழுந்ததா என்று கேளுங்கள். கதிரைக் கணக்கை முடியுங்கள்.

இரண்டாவது விழா முடிந்த மாலை, வாசல் பதிவேட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். காவலாளி ஐயா முன்வாசலில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பதிவேட்டில் வருகிறவர், போகிறவர் எல்லோரையும் எழுதியிருந்தார்; எழுதியவருடைய பெயர் அதில் இல்லை, ஆகவே எங்கள் பட்டியலிலும் இல்லை. மிஞ்சிய பார்சல்களும் அதற்குள் முடிந்துவிட்டன. மூன்றாவது முறை பட்டியல் எழுத உட்கார்ந்தபோது, பகல் காவல் ஒருவர், இரவுக் காவல் இருவர் என்று மேலே எழுதிவிட்டுத்தான் பதிவேட்டைத் திறந்தேன்.