பந்து பழகும்போது மண்டை எவ்வளவு காய்கிறது? கண்ணைப் பார்த்துக் கணக்கிடலாம்

குமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் கடற்கரை மணலில் பயல்களுக்குக் கால்பந்து பழக்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எவனுக்கு மூச்சு வாங்குகிறது, எவனுக்குக் கால் தளர்ந்துவிட்டது என்பதெல்லாம் ஓரமாக நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். கொடுத்த பயிற்சி அவன் மண்டையை எவ்வளவு காய வைக்கிறது என்பதுதான் பிடிபடாது. அதற்குக் கண் போகிற போக்கை எண்ண வேண்டும்.

இதைப் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது கண்மணி விரிவுதான். கஷ்டப்பட்டு யோசிக்கும்போது கண்மணி விரியும், 1960களிலேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். ஆனால் யோசனையால் விரிவது பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள். வெளிச்சம் மாறினாலோ 2 மில்லிமீட்டரிலிருந்து 8 வரை போய்வரும். சாயங்காலம் கடல் பக்கமிருந்து வெயில் முகத்தில் அடிக்க, பயல் ஒருமுறை அங்கே பார்த்து இங்கே திரும்பினாலே கணக்கு குளறிவிடும், ஓடினாலும் கண்மணி விரியும், போதாததற்கு நம்ம பிள்ளைகளின் அடர்ந்த பழுப்புக் கண்ணில் கண்மணி எங்கே முடிகிறது என்று சாதாரண போன் கேமராவில் தெரியவும் செய்யாது. அகச்சிவப்புக் கேமரா வைத்த கண்ணாடிகள் இருக்கின்றன, விலை லட்சங்களில், நேர் வெயிலில் அவையும் தடுமாறலாம். கவனம் கூடினால் கண் சிமிட்டுவது குறையும் என்பதும் உண்மை. ஆனால் காற்றும் மணலும் அடிக்கிற இடத்தில், அதுவும் ராத்திரி தூங்காமல் வந்தவனிடம், அதை எண்ணிப் பயனில்லை. சரி, இரண்டையும் விட்டுவிடுங்கள்.

மிஞ்சுவது, பந்து வருமுன் தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்ப்பது. நார்வேக்காரர் கெய்ர் யோர்டெட்டும் கூட்டாளிகளும் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்கள் 118 பேர் பந்து வாங்குவதற்கு முந்தைய 10 விநாடிகளை வீடியோவில் பார்த்து எண்ணினார்கள். அடிக்கடி சுற்றிப் பார்த்தவர்களின் பாஸ்தான் அதிகம் சரியாகப் போயிருந்தது. 2013இல் வந்த ஆய்வு இது. மண்டையில் பாரம் ஏறினால் இப்படிப் பார்ப்பது குறையலாம், அதைத்தான் நாம் எண்ணப் போகிறோம். தலை திரும்புவதை எண்ண ஒரு போன் போதும்.

ஒருவனை நடுவில் நிறுத்துங்கள். அவனுக்கு முன்னால் பத்து மீட்டரில் பந்து கொடுப்பவன், முதுகுக்குப் பின்னால் வலமும் இடமுமாக இரண்டு பேர். பின்னால் நிற்பவர்களில் எவன் கை தூக்குகிறானோ அவனுக்கு நடுவில் நிற்பவன் திரும்பிப் பாஸ் போட வேண்டும். கொடுப்பவன் பந்தை ஐந்து விநாடி போல காலில் வைத்திருந்துவிட்டுத் தட்டட்டும். போனைக் கொடுப்பவனுக்குப் பின்னால், விநாடிக்கு 60 பிரேமில் வையுங்கள். வெயில் நடுவில் நிற்பவன் கண்ணில் நேராக விழாதபடி எல்லாரையும் திருப்பி நிறுத்துங்கள், இல்லையென்றால் கூச்சத்துக்குத் தலை குனிவதும் கணக்கில் ஏறிவிடும்.

இரண்டு நிமிடம் இப்படியே. அப்புறம் சுமையை ஏற்றுங்கள்: பின்னால் நிற்கும் இன்னொருவன் விரல்களை மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும், பந்து காலில் படுமுன் நடுவில் நிற்பவன் அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது சுற்றில் ஒரு தடுப்பாட்டக்காரனை விடுங்கள். சுற்றுகளுக்கிடையே நன்றாக மூச்சு வாங்க விடுங்கள், உடல் களைப்பில் தலை திரும்பாததை மூளைச் சுமை என்று எழுதிவிடக் கூடாது. அதனாலேயே பாதிப் பேருக்குச் சுற்றுகளைக் கடினத்திலிருந்து தொடங்குங்கள்.

விரல் விஷயத்தை விட்டுவிடாதீர்கள். எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததும் நம்ம பயல்கள் கோழி மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள், ஒன்றையும் பார்க்காமல். எண்ணைச் சரியாகச் சொன்னால்தான் பார்த்தான் என்று அர்த்தம்.

சுற்று முடிந்த கையோடு, "மக்கா, மண்டை எவ்வளவு காஞ்சிச்சு, பத்துக்குச் சொல்லு" என்று கேட்டு எழுதுங்கள். மற்றவர்கள் காதில் விழாமல் கேளுங்கள், இல்லையென்றால் வீம்புக்கு எல்லாரும் இரண்டு என்பார்கள். நாசாவின் பணிச்சுமை வினாத்தாளிலும் ஆறு கேள்விகளில் ஒன்று இதே மாதிரிதான்.

ராத்திரி வீடியோவை மெதுவாக ஓட்டி, கொடுப்பவன் காலில் பந்து வந்ததிலிருந்து இவன் தொடும்வரை முகம் பந்தை விட்டு எத்தனை முறை விலகியது என்று எண்ணி, விநாடிகளால் வகுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை சரிந்து, விரலும் தவறி, அவனும் எட்டு ஒன்பது என்றால் பாரம் அதிகம், தடுப்பாட்டக்காரனை எடுங்கள். தலை திரும்புகிறது, விரல் மட்டும் தவறுகிறது என்றால் பார்வை பதியவில்லை. பந்தை இன்னும் கொஞ்சம் நேரம் தாமதித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். எல்லாம் சரி, மண்டைக்கு மூன்று மதிப்பெண்தான் என்றால் அவனுக்கு இது வெறும் பொழுதுபோக்கு, அடுத்த சுற்றுக்கு ஏற்றுங்கள்.

ஒருவனை அவனுடைய பழைய கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஏழு பேர் ஆடும் செவன்ஸ் அணிக்கு ஆள் எடுக்க இதை வைத்தால் அத்தனை பேரும் தலையாட்ட மட்டும் பழகிவிடுவார்கள். வீட்டில் சொல்லி அனுமதி வாங்கிவிட்டு வீடியோ எடுங்கள், எண்ணி முடித்ததும் அழித்துவிடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம்.