'ஒர்க்' என்ற சொல்லைத் தமிழாக்குவது எப்படி? பிஓ கோப்பில் முதன்முறை கைவைப்பவர்களுக்கு

ஒரு நூலகச் செயலியைத் தமிழாக்கி முடித்து, சரிபார்க்க அக்காவிடம் போனைக் கொடுத்தேன். பாரதியார் பக்கத்தைத் திறந்தார். மேலே "வேலைகள்" என்று இருந்தது. "இவர் எங்கெங்க வேலை பார்த்தார்னு இதுல வருமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பாரதி 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் கொஞ்ச நாள் தமிழாசிரியராக இருந்தார், அப்புறம் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார், அவை அவர் பார்த்த வேலைகள். குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் அவருடைய படைப்புகள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஒர்க்' போதும், தமிழுக்குப் போதாது.

அன்று இரவே பிஓ கோப்பை, அதாவது செயலியின் ஆங்கில வரிகளும் அவற்றின் மொழிபெயர்ப்பும் ஜோடியாக இருக்கும் கோப்பைத் திறந்து, அந்தச் சொல் வரும் வரிகளை எல்லாம் பார்த்தேன். 41 வரி. அவற்றில் பாதிக்கு மேல் தப்பு. திருத்தின வழியை அப்படியே எழுதுகிறேன், அடுத்து யாராவது இதே வேலையில் இறங்கினால் ஒரு வாரம் மிச்சமாகும்.

முதல் படி: எல்லா வரிகளையும் ஒரே இடத்தில் குவியுங்கள்

பிஓ கோப்பைத் திருத்தும் மென்பொருளான போஎடிட்டில் தேடினால் போதும். உலாவியிலேயே மொழிபெயர்க்கும் தளங்களும் உண்டு, ஆனால் எனக்குப் போஎடிட்தான், ஒரே கோப்பை முழுசாகக் கண்முன் வைத்துப் பார்க்கிற வசதி அதில் இருக்கிறது. ஒவ்வொரு வரியாக வரிசையில் மொழிபெயர்க்காதீர்கள். ஒரே சொல் வரும் வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எது எதோடு சேரும் என்று தெரியும்.

இரண்டாம் படி: செய்வது ஆளா, பொருளா?

பொருள் என்றால் உடனே "வேலை செய்கிறது" என்று போடத் தோன்றும். தப்பில்லை, ஆனால் வீட்டில் நாம் எப்படிப் பேசுகிறோம் என்று கவனியுங்கள். பல்பு எரியவில்லை. ஃபேன் சுற்றவில்லை. பேனா எழுதவில்லை. கடிகாரம் ஓடவில்லை. மாத்திரைக்குக் காய்ச்சல் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஒரே வினைச்சொல்லைப் போடலாம், தமிழில் ஒவ்வொரு பொருளுக்கும் அது செய்ய வேண்டிய காரியமே வினைச்சொல்லாக வந்துவிடுகிறது. ரிமோட், கார்டு, லிஃப்ட் போன்றவற்றுக்குத்தான் "வேலை செய்யவில்லை" இயல்பாக வருகிறது. அதனால் நான் முதலில் அந்தப் பொருளுக்கென்று சொந்த வினை இருக்கிறதா என்று பார்ப்பேன், இல்லாவிட்டால்தான் "வேலை செய்". செயலிக்கு "இயங்கு" பொருந்தும்: "இணையம் இல்லாமலும் இயங்கும்."

யோசனை, திட்டம், நேரம் என்றால் வேறு. "ஒர்க் அவுட் ஆகாது" என்று எல்லோரும் சொல்கிறோம், திரையில் அதை "சரிப்பட்டு வராது" என்று போடுங்கள். கூட்டத்துக்கு நேரம் குறிக்கும் பக்கத்தில் "இந்த நேரம் உங்களுக்கு வேலை செய்யுமா?" என்று எழுதி வைத்திருந்தேன். "இந்த நேரம் தோதுப்படுமா?" என்று மாற்றினேன்.

மூன்றாம் படி: ஆள் என்றால் எந்த உழைப்பு?

வேலை, பணி, தொழில், உத்தியோகம், ஊழியம், உழைப்பு என்று நம்மிடம் வரிசையாக இருக்கின்றன. அழகுக்காக மாற்றி மாற்றிப் போடாதீர்கள். ஒவ்வொன்றும் தன் கூட்டுச்சொல்லில் உட்கார்ந்துவிட்டது: வேலைநிறுத்தம், பொதுப்பணித் துறை, தொழிற்சங்கம், அரசு ஊழியர், உழைக்கும் வர்க்கம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார். எனக்குச் சந்தேகம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பார்ப்பேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் தேடுகிற அகராதிகள் பத்துச் சொல்லை அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடும், க்ரியாவில் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும், அந்த வாக்கியம்தான் முடிவு சொல்லும்.

இங்கே ஒரு வரியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தச் செயலியில் உறுப்பினர் படிவம் ஒன்று உண்டு, அதில் பெற்றோர் பற்றிய கேள்வி. நான் எழுதியிருந்தது: "உங்கள் அம்மா வேலை செய்கிறாரா?" விடைக்கு "ஆம், இல்லை" என்று இரண்டு கட்டம். காலை ஐந்து மணிக்கு எழுந்து பதினொரு மணிக்குப் படுக்கிற ஒருவரைப் பற்றி, அவருடைய பிள்ளையையே "இல்லை" என்று குறிக்க வைக்கிற கேள்வி அது. "உங்கள் அம்மா வேலைக்குப் போகிறாரா?" என்று கேட்டால் அந்தத் தவறு வராது. வேலை செய்வது வேறு, வேலைக்குப் போவது வேறு என்று தமிழில் தெளிவாகச் சொல்லலாம். அதைத் தவறவிட்டதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நான்காம் படி: ஒரே வரி, இரண்டு இடம்

என்னை மூன்று நாள் சுற்ற வைத்தது இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

பிஓ கோப்புகளுக்கு அடிப்படையான கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையில், மூல ஆங்கில வரி ஒன்றாக இருந்தால் செயலியில் எத்தனை இடத்தில் வந்தாலும் பிஓ கோப்பில் ஒரே பதிவாகத்தான் சேரும். எங்கள் கோப்பில் 'ஒர்க்' என்று ஒற்றைச் சொல் பதிவு ஒன்று இருந்தது. அதன் தலைக்கு மேல் '#:' என்று தொடங்கும் இரண்டு வரிகள். முதல் வரி நூல் விவரப் பக்கத்தின் நிரல் கோப்பைக் காட்டியது, இரண்டாவது வரி உறுப்பினரின் தொலைபேசி எண் பக்கத்தை. அதாவது ஓரிடத்தில் "படைப்பு", இன்னோரிடத்தில் வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் வரும் அலுவலக எண். நான் எதைப் போட்டாலும் ஒரு பக்கம் கெடும்.

முதலில் பதிவை நகலெடுத்து இரண்டாக வைத்தேன். கோப்பைத் தொகுக்கும்போது, ஒரே வரி இரண்டு தடவை வருகிறது என்று பிழை காட்டி நின்றுவிட்டது. அடுத்து, சூழலை, அதாவது அந்தச் சொல் எந்த இடத்தில் வருகிறது என்பதைக் குறிக்கும் வரி ஒன்றை நானே எழுதிச் சேர்த்தேன். பிழை வரவில்லை, ஆனால் சூழல் சேர்த்த மொழிபெயர்ப்பு திரையில் வரவே இல்லை. காரணம் எளிது: செயலி அந்த வரியைச் சூழல் இல்லாமல் கேட்கிறது, சூழலோடு இருக்கும் பதிவு அதன் கண்ணில் படாது. மொழிபெயர்ப்பாளர் தன் பக்கத்தில் மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது. நிரல் எழுதியவர் அந்த இடத்தில் பீகெட்டெக்ஸ்ட் என்ற நிரல் கட்டளையைப் பயன்படுத்திச் சூழலைக் கொடுக்க வேண்டும். அவருக்கு எழுதும்போது "இது தமிழில் தப்பாக வருகிறது" என்று மட்டும் எழுதாதீர்கள், இரண்டு திரையின் படத்தையும் அந்த '#:' வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள். நான் அப்படி அனுப்பிய பிறகு இரண்டே நாளில் மாற்றிக் கொடுத்தார்.

ஐந்தாம் படி: பன்மையைப் பார்த்தால் நில்லுங்கள்

ஆங்கிலத்தில் கடைசியில் 'ஸ்' சேர்ந்தால் பொருளே மாறலாம். ஆசிரியர் பெயருக்குப் பின்னால் வந்தால் படைப்புகள், எஃகுக்குப் பின்னால் வந்தால் ஆலை, நெருப்புக்குப் பின்னால் வந்தால் வாணவேடிக்கை. உரிம வாசகத்தில் வந்தால் எப்போதும் படைப்பு. ஒன்றை அடிப்படையாக வைத்து உருவாக்கியதை "வழிப்படைப்பு" என்று போட்டேன். முதல்நூல், வழிநூல் என்று நம் இலக்கணத்தில் பழைய வகைப்பாடே இருப்பதால் அது ஒட்டவைத்ததுபோல் தெரியவில்லை.

பின்சேர்க்கை 1

இயற்பியல் பாடம் மொழிபெயர்ப்பவர் ஒருவர் கேட்டிருந்தார்: பாடத்தில் எந்தச் சொல்? "வேலை" மட்டும்தான், கடைசி வரை அதே சொல். விசையை, அந்த விசையின் திசையில் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது வேலை. 1 நியூட்டன் விசை ஒரு பொருளை 1 மீட்டர் நகர்த்தினால் 1 ஜூல். 15 கிலோ பெட்டியைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தலைக்கு ஏற்றினால் சுமார் 220 ஜூல் வேலை. அதைச் சுமந்துகொண்டு நடைமேடை முழுக்கச் சீராக நடந்தால், மேல்நோக்கித் தாங்கும் அந்த விசை செய்த வேலை பூஜ்யம். சுமந்தவரின் உழைப்பு பூஜ்யம் இல்லை. "வேலை"க்குப் பதில் "உழைப்பு" என்று மாற்றி எழுதினால் பாடமே பொய்யாகிவிடும் என்பதற்கு இந்த ஒரு பெட்டி போதும்.

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் சேர்த்தது: தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆற்றல், திறன் என்று வருபவை இலங்கைப் பாடநூலில் சக்தி, வலு. "வேலை" மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே. யாருக்காக எழுதுகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

பின்சேர்க்கை 2

தொலைபேசிப் பக்கத்தில் வீடு, அலுவலகம் என்று போட்டிருந்தேன். கட்டட வேலை பார்க்கும் ஒருவர் எழுதினார்: "எனக்கு ஏது அலுவலகம்? சைட்டுல மேஸ்திரி நம்பர்தான் இருக்கு, அதை எங்க போடறது?" அவர் சொல்வது சரி. "வேலையிடம்" என்று மாற்றிப் புதிய கோப்பை ஏற்றியிருக்கிறேன். பழையதை இறக்கி வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.