மொரிசியஸில் வீடு பார்க்கும் முன்

மொரிசியஸில் வேலை கிடைத்து வீடு தேடுகிறீர்களா? கடற்கரை எவ்வளவு தூரம் என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த ஊர் எவ்வளவு உயரத்தில், தீவின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். தீவு சின்னதுதான். ஆனால் தென்கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று நடு மேட்டுநிலத்திலேயே மழையைக் கொட்டிவிடுவதால், மேற்குக் கரைக்கு மிச்சம் மீதிதான்.

சுமார் 550 மீட்டர் உயரத்திலுள்ள க்யூர்பீப்பில் ஜூலை, ஆகஸ்டில் ஸ்வெட்டர் தேவைப்படும். துவைத்த துணி லேசில் காயாது, அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும். அதே நேரம் மேற்கே ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக்கில் வெயில் அடிக்கும். அங்கே தொல்லை ஜனவரிப் புழுக்கமும், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் ஜன்னல் கம்பியும்தான்.

அலுவலகம் தலைநகர் போர்ட் லூயியில் என்றால் என் ஓட்டு ரோஸ் ஹில் அல்லது காத்ர் போர்னுக்கு. இரண்டும் நடுத்தர உயரம், குளிரும் புழுக்கமும் அளவோடு இருக்கும். க்யூர்பீப் வரை ஓடும் மெட்ரோ இந்த இரண்டு ஊர் வழியாகத்தான் போகிறது; காலை நெரிசலில் காரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

வீடு பார்க்கப் போகும்போது அலமாரிக் கதவைத் திறந்து மோந்து பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்த சுவரைவிட அது உண்மையைச் சொல்லும்.