வேலூரிலிருந்து கடலுக்கு: பாலாற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள்

வேலூர்க் கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோயில், ஸ்ரீபுரம் தங்கக் கோயில் எல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிடும். அப்புறம் பிள்ளைகள் "பீச் எங்கே?" என்று ஆரம்பிப்பார்கள். எங்களிடம் இருப்பது பாலாறு, அதுவும் பாதி நாள் வெறும் மணல். ஆனால் அந்த மணல் போகிற திசையிலேயே போனால் கல்பாக்கத்துக்குத் தெற்கே, வாயலூர் பக்கம் கடலில் போய் முடியும். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் சொந்தங்களை நான் கூட்டிப்போவது இந்தப் பக்கம்தான்.

டிரைவரோடு வாடகைக் கார் எடுங்கள். கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாவற்றையும் முதல் நாளே பேசிவிடுங்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் வாலாஜா, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக ஏழரைக்குள் மாமல்லபுரம். ஜெட்லாக் என்று படுத்துவிட்டால், பதினோரு மணி வெயிலில் அந்தப் பாறைமேல் வெறுங்காலை வைக்க முடியாது.

டிக்கெட்டில் ஒரு விஷயம். இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தால் இந்தியருக்கான கட்டணம்தான்; இலங்கை பாஸ்போர்ட்டுக்கும் அதே. அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள். பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம்.

வழிகாட்டி அவசியம், ஆனால் சுற்றுலாத் துறை அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். போன முறை வாசலில் ஒட்டிக்கொண்ட ஒருவர் அர்ச்சுனன் தபசு முன்னால் ஐந்து நிமிடம் பேசினார். மீதி நேரமெல்லாம் சிற்பக் கடைதான். எத்தனை இடம், எவ்வளவு நேரம், எவ்வளவு ரூபாய் என்பதோடு "கடைக்கு வர மாட்டோம்" என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடற்கரைக் கோயிலில் அவசரப்படாதீர்கள். எட்டாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது. மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நந்திகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: உப்புக் காற்று தின்று, மூக்கும் கண்ணும் மழுங்கி, பாதி தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி இருக்கும். கருங்கல்லுக்கே இந்தக் கதி. பக்கத்துப் பாறைகளில் அலை மோதும் இடத்தில் செல்ஃபிக்காக ஏறாதீர்கள். பாசி வழுக்கும், நீரோட்டம் இழுக்கும்.

வடக்கே சற்றுத் தள்ளிச் சாளுவன்குப்பம். யாளி முகங்கள் சூழ்ந்த புலிக்குகையை எல்லோரும் பார்ப்பார்கள். கொஞ்சம் நடந்தால் முருகன் கோயில் இருக்கிறது. 2004 சுனாமி மணலை அரித்தபோது ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அதை வைத்துத் தோண்டியபோது செங்கல் அடித்தளம் கிடைத்தது. எனக்கு இதுதான் பிடித்த இடம்.

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்புங்கள். வாயலூர்ப் பாலத்தைத் தாண்டும்போது டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். நம்ம ஊர் ஆறு அது.

கடைசியாகக் கடப்பாக்கம், ஆலம்பரைக் கோட்டை. மழைக்காலம் போனபின், ஜனவரி, பிப்ரவரியில் போவது நல்லது. நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். செங்கல்லும் சுண்ணாம்புமாக இடிந்து கிடக்கும் மதிலுக்கு அப்பால் கழிமுகம், அதற்கு அப்பால் கடல். கடலை விட்டு உள்ளே, நம்ம பாலாற்றங்கரையில் இருக்கும் ஆற்காட்டின் நவாபுகளுடைய துறைமுகம் இது. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1760இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். பாரிஸிலிருந்து வந்த சித்தப்பா இதைக் கேட்டதும் உடைந்த மதில்மேல் உட்கார்ந்துவிட்டார். "ஆற்காட்டுக்கா? துறைமுகமா?" என்று இரண்டு முறை கேட்டார். கிளப்புவதற்குள் மணி நான்கு.